பெயர்ப்பலகைக்கு ஓர் எண், பெட்டகத்துக்கு வேறோர் எண்



முகப்பேர் கிழக்கில் புறப்பட்டு நொளம்பூர் வரைக்கும் கடைத்தெரு வழியாக ஒரு முறை நடந்தால் போதும், நம்மவர்கள் அத்தனை பேருடைய செல்போன் எண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடலாம். பெயர்ப்பலகையில் எண், பில்லில் எண், துணிப்பையில் எண், தினசரிக் காலண்டரில் எண், சரக்கு வண்டியின் முதுகிலும் எண். வியாபாரி என்றால் நாலு பேருக்குத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். ஆகவே இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே எண்தான் நம் வங்கிக் கணக்கிலும் இருக்கிறது. ஆதாரிலும், ஜி.எஸ்.டி.யிலும், வருமான வரியிலும், பிள்ளைகளின் கல்லூரிப் படிவத்திலும், கேஸ் இணைப்பிலும் அதே எண்தான். வீதியில் போகிறவர் எவரும் நின்று படிக்கக்கூடிய ஓர் எண்ணையே பெட்டகத்தின் சாவியாகவும் வைத்துக்கொண்டிருக்கிறோம். இது சரியல்ல என்பதே என் கருத்து. நம் எண்ணுக்குச் சொல்வது நம் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் எண்ணுக்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

ரகசியம் காப்பது நமக்குப் புதிதல்ல

அந்தரங்கப் பாதுகாப்பு என்று சொன்னால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளின் விஷயம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நம் தொழிலே ரகசியத்தில் வளர்ந்த தொழில். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்போம். பக்கத்தில் நிற்பவனுக்கும் விலை தெரியாது. ஜவுளிக் கடைகளில் அடக்க விலையை எழுத்துக் குறியாகச் சீட்டில் எழுதி வைப்பார்கள். கடைப் பையனுக்குத் தெரியும், வாங்க வந்தவருக்குத் தெரியாது. மளிகைக் கடைப் பற்று நோட்டில் தெருவில் உள்ள எல்லார் வீட்டுப் பாக்கியும் இருக்கும். எதிர் வீட்டுக்காரர் கேட்டாலும் நல்ல கடைக்காரர் வாய் திறக்க மாட்டார். பேரேடு இரவில் பூட்டுக்குள் போகும்.

அந்தப் பழக்கம் கையில் போன் வந்ததும் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி. அன்று துண்டுக்குள் மறைத்த விலையை இன்று வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேருக்குப் போடுகிறோம். பேரேட்டைப் பூட்டி வைத்த நாம், ஆதார் அட்டையின் படத்தை யார் கேட்டாலும் உடனே அனுப்பிவிடுகிறோம்.

பலகையில் நாம் எழுதியிருப்பது எவ்வளவு?

ஜி.எஸ்.டி. விதிகளில் 18ஆவது விதிப்படி, பதிவுச் சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். பதிவு எண்ணைப் பெயர்ப்பலகையிலும் எழுத வேண்டும். சட்டம் சொல்வதைச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்த 15 எழுத்து எண்ணில் என்ன இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்தும் அப்படியே பான் எண். தனியுரிமைக் கடையாக இருந்தால் அது கடை முதலாளியின் சொந்தப் பான் எண்ணாகவே இருக்கும். அந்தப் பதிவு எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் முதலாளியின் பெயர், கடை முகவரி எல்லாம் வந்துவிடும்.

இனி பலகையில் உள்ள செல்போன் எண்ணைப் பணம் அனுப்பும் செயலி ஒன்றில் தட்டிப் பார்க்கட்டும். அதற்குச் சேர்ந்த வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் தெரியும். ஆக, கடைக்குள் காலே வைக்காத ஒருவன் நம் பெயர், முகவரி, பான் எண், வங்கியோடு இணைந்த செல்போன் எண் அத்தனையும் ஐந்து நிமிடத்தில் சேர்த்துவிடலாம்.

இதை வைத்து நேரடியாகப் பணம் எடுத்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ‘ஐயா, உங்கள் பான் எண் இது, கடை இன்ன தெருவில் இருக்கிறது, போன மாத ரிட்டர்னில் ஒரு பிழை’ என்று ஒருவன் பேச ஆரம்பித்தால், அதிகாரிதான் பேசுகிறார் என்று நம்பிவிடுகிறோம். நம்மைப் பற்றி நாம் சிந்தியதைப் பொறுக்கி நம்மிடமே காட்டுவதுதான் இந்த மோசடிக்காரர்களின் மூலதனம். லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் அவர்களையே 2024 ஆகஸ்டில் சி.பி.ஐ. அதிகாரிகள் போலப் பேசி, போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையை வீடியோவில் காட்டி, 7 கோடி ரூபாய் பறித்துவிட்டார்கள். அதில் ஐந்து கோடிக்கு மேல் போலீசார் பின்னர் மீட்டனர். அவ்வளவு பெரிய தொழிலதிபருக்கே இந்த நிலை என்றால் நம் போன்றவர்கள் எம்மாத்திரம்?

இன்னொரு வழி சிம் கார்டு மாற்றம். போலி ஆவணத்தைக் காட்டி, ‘போன் தொலைந்துவிட்டது, மாற்று சிம் கொடுங்கள்’ என்று நம் எண்ணை வாங்கிவிட்டால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எல்லாம் அவன் கைக்குப் போய்விடும். பகல் வேளையில் காரணமில்லாமல் சிக்னல் போய், மணிக்கணக்கில் திரும்பவில்லை என்றால், ‘டவர் கோளாறு’ என்று சும்மா இருந்துவிடாமல் வேறொரு போனிலிருந்து தொலைபேசிக் கம்பெனியையும் வங்கியையும் கேட்க வேண்டும்.

கல்லாவும் பெட்டகமும்

இதற்கு நான் சொல்லும் வழி நம் முன்னோர் கடையில் வைத்திருந்த வழிதான். கல்லாப் பெட்டி எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கும். அதில் அன்றாடச் சில்லறைதான் இருக்கும். கடை அடைக்கும்போது அன்றைய வசூல் உள்ளே பெட்டகத்துக்குப் போகும். கல்லாவில் கை வைத்தவனுக்கு ஒரு நாள் வசூல்தான் போகுமே தவிர முதல் போகாது.

அதே போல் இரண்டு எண், இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் எழுதிய எண், கடைப் பையன் எடுத்துப் பேசும் போன், மேஜை மேல் ஒட்டிய கியூஆர் அட்டை ஆகிய மூன்றும் ஒரு சிறிய கணக்கோடு மட்டும் சேர்ந்திருக்கட்டும். அது கல்லாக் கணக்கு. வாரம் இரண்டு முறையாவது அதிலிருந்து பணத்தைப் பெரிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பெரிய கணக்கு, ஆதார், வருமான வரி, வைப்புத் தொகை இவற்றுக்கெல்லாம் வேறோர் எண். அந்த எண் பலகையில் இல்லை, பில்லில் இல்லை, எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. வீட்டார், ஆடிட்டர், வங்கி தவிர யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அதைச் சாதாரண பட்டன் போனில் போட்டு வீட்டில் வைத்தாலும் நல்லதே. ரீசார்ஜை மட்டும் தவறவிடக் கூடாது. நீண்ட நாள் விட்டுவிட்டால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும்.

‘இத்தனை இடத்தில் எண்ணை மாற்றுவது லேசான காரியமா?’ என்று கேட்பீர்கள். பழைய எண்ணைப் பலகையிலேயே விட்டுவிட்டு, வங்கிக்கும் ஆதாருக்கும் மட்டும் புதிய எண்ணைக் கொடுத்தால் வேலை பாதியாகக் குறையும். வாடிக்கையாளர் யாரும் நம்மை இழக்கப் போவதில்லை. வங்கிக்கு ஒரு நாள், ஆதார் மையத்துக்கு ஒரு நாள் என்று வைத்தால் முடிகிற வேலை.

தினசரிப் பழக்கங்கள்

ஆதார் நகல் கேட்கும் இடத்திலெல்லாம் முழு எண்ணைக் கொடுக்கத் தேவையில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். முழு நகல் கொடுத்தே தீர வேண்டும் என்றால், இன்ன தேதியில் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று அதன் மேல் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

சொத்து வாங்கிப் பத்திரம் பதிந்தவர்கள் ஆதாரில் கைரேகைப் பூட்டைப் போட்டு வையுங்கள். பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை எடுத்த வழக்குகள் 2023இல் பெங்களூரில் வந்தன. பூட்டு போடுவதற்குச் செலவில்லை. தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம்.

ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப் மூலம் ஆவணம் அனுப்பிப் பிரிண்ட் எடுத்தால், காசு கொடுக்கும் முன் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களும் வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திருக்காமல் அவர் கண் முன்னே அழித்துக் காட்டினால், அதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. கடைக் கம்ப்யூட்டரிலோ, வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் மடிக்கணினியிலோ நம் வாட்ஸ்அப் இன்னும் திறந்தே இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை அதில் பாருங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டு வையுங்கள். சிப்பந்தி ஒருவர் வேலையை விட்டுப் போனால் கடைச் சாவியை வாங்கிக்கொள்கிறோம் அல்லவா? அதே நாளில் கடவுச்சொற்களையும் மாற்றிவிட வேண்டும்.

பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை. பணம் கொடுப்பதற்குத்தான் தேவை. ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்’ என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்.

குடும்பத்தோடு திருச்செந்தூர் போகும் படத்தை அன்றைக்கே ஸ்டேட்டஸில் போடாமல், ஊர் திரும்பிய பிறகு போடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் பெயரில் எத்தனை செல்போன் இணைப்பு இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 எண்ணை அழையுங்கள். பணம் கை மாறிப் போகும் முன் தடுக்க முதல் சில மணி நேரம்தான் உண்டு.

நம் கையில் இருக்கும் பிறர் சாவி

இதுவரை சொன்னது நம்மைக் காப்பதற்கு. இனிச் சொல்வதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் நம் கடைகளில் ஒவ்வொரு வீட்டின் வரலாறும் இருக்கிறது. எந்த அடுக்குமாடியில் எந்த எண் வீட்டில் ஒரு அம்மாள் தனியாக இருக்கிறார், எந்த வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், எந்த வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை நோய், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, ‘பத்து நாள் ஊருக்குப் போகிறோம், பால் வேண்டாம்’ என்று எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் கடைப் போனில் பதிவாகி இருக்கிறது. அந்தப் போன் பல கடைகளில் பூட்டில்லாமல் மேஜை மேல் கிடக்கிறது. டெலிவரிப் பையனின் சொந்தப் போனிலும் அதன் நகல் இருக்கிறது.

என்னிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். அவர் கடையில் மாதப் பற்று வைத்திருந்த ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது. சில நாட்களிலேயே அந்தத் தாய்க்கு இன்ஷூரன்ஸ்காரர்கள், போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் என்று வரிசையாக அழைப்பு. அந்தப் பெண்ணின் கணவர் கடைக்கு வந்து, ‘அண்ணாச்சி, நம்பரை நீங்க யாருக்காவது குடுத்தீங்களா?’ என்று கேட்டிருக்கிறார். இவர் கொடுக்கவில்லை. வேறு எங்கிருந்தோ போயிருக்கிறது. இருந்தாலும் அந்த வீட்டார் மூன்று மாதம் அவர் கடைப் பக்கம் வரவில்லை. குற்றம் யாருடையது என்று யாரும் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. கையில் எண் இருப்பவன் மேல் சந்தேகம் வருகிறது.

அந்தச் சந்தேகத்துக்கு நம் தொழிலில் உள்ள சிலரே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் சில ரீசார்ஜ் கடைகளில், வந்து போகும் பெண்களின் எண்களை அவர்கள் தோற்றத்துக்கு ஏற்ப 50 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை விலை வைத்து விற்றதாக 2017 பிப்ரவரியில் செய்தி வந்தது. கடைக்காரரை நம்பிப் பத்து இலக்கம் சொன்ன பெண்ணுக்கு, இரவு பதினோரு மணிக்கு யாரோ ஒருவன் போன் செய்கிறான். நம் வீட்டுப் பெண்ணுக்கு இது நடந்தால் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய பெயர், முகவரி, மருத்துவ விவரங்கள் டெலிகிராம் செயலி வழியாகக் கிடைப்பது 2024 செப்டம்பரில் வெளியானது. 3 கோடிக்கும் மேற்பட்டோர் விவரம் தன்னிடம் இருப்பதாக விற்க வந்தவன் சொல்லிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியிலிருந்தே போகும் என்றால், தேவைக்கு மேல் எதையும் வாங்கி வைக்காமல் இருப்பதே நமக்குப் புத்திசாலித்தனம். கையில் இல்லாத சரக்கு களவு போகாது.

சட்டமும் அந்தப் பக்கம்தான் போகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். செல்போன் எண் கொடுத்தால்தான் பில் போடுவோம் என்று கடைகள் வற்புறுத்துவது முறையற்ற வணிக நடவடிக்கை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலாகும்படி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரிலோ போனிலோ வாடிக்கையாளர் விவரம் வைத்திருப்பவர் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டும், சம்மதம் பெற வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும், காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது சாரம். பாதுகாக்கத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தவற்றின் தன்மையைப் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள் என்றாலும், நோட்டீஸ் வந்த பிறகு விழிப்பதைவிட இப்போதே பழகிக்கொள்வது மேல்.

‘வாடிக்கையாளர் எண் இல்லாமல் சலுகை விவரம் எப்படி அனுப்புவது? பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் எல்லாம் வாங்குகின்றனவே’ என்று இளைய வியாபாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விரும்பிக் கொடுப்பவரிடம் தாராளமாக வாங்குங்கள். வற்புறுத்தாதீர்கள், அவ்வளவுதான். கல்லாவில் நின்றபடி பின்னால் பத்துப் பேர் கேட்க ஒரு பெண் தன் எண்ணை உரக்கச் சொல்லும்படி செய்யாதீர்கள். ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி, பதிந்ததும் கிழித்துவிடுங்கள். பெரிய கடைகளோடு விலையில் போட்டி போட நம்மால் எப்போதும் முடிவதில்லை. ‘இங்கே பொருள் வாங்கினால் தொல்லை வராது’ என்ற பெயரை நம்மால் வாங்க முடியும்.

சங்கத்துக்கு வேண்டுகோள்

சங்க நிர்வாகிகளுக்கு மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று, உறுப்பினர் விவரப் புத்தகத்தில் கடை எண்ணை மட்டும் அச்சிட வேண்டும். வீட்டு முகவரி, சொந்த எண், பிறந்த தேதி ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். அந்தப் புத்தகம் யார் யார் கைக்கெல்லாம் போகிறது என்று நமக்குத் தெரியாது.

இரண்டு, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆதார், பான், வங்கிப் புத்தகம் போன்றவற்றின் படங்களை யாரும் போடக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். நிவாரணம், காப்பீடு போன்ற காரியங்களுக்கு ஆவணம் தேவைப்பட்டால் அலுவலகத்தில் நேரில் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.

மூன்று, அடுத்த பொதுக்குழுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆதார் பூட்டு, மறைத்த ஆதார், சஞ்சார் சாத்தி இவற்றை அங்கேயே ஒவ்வொருவர் போனிலும் செய்து கொடுக்க வேண்டும். உறுப்பினர்களின் பிள்ளைகளில் இதெல்லாம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம்மில் வயதானவர்களுக்குப் பிரசங்கத்தைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து கை பிடித்துச் சொல்லித் தருவதே பயன்படும்.

வெள்ளத்தில் சரக்குப் போனாலும், கடன்காரன் ஏமாற்றினாலும் வியாபாரி மறுபடி எழுந்துவிடுவான். நாணயம் போனால் எழ முடியாது. அந்த நாணயத்தில் இன்று நம்மை நம்பிச் சொன்ன பத்து இலக்க எண்ணும் சேர்ந்திருக்கிறது. இந்த மாதத்திலேயே ஒவ்வொரு உறுப்பினரும் பெட்டகத்துக்கு ஒரு தனி எண் வாங்கிவிட்டு, கடைப் போனுக்கும் ஒரு பூட்டுப் போட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வளர்க வணிகம்!